குருவி வாலும் யூனிகோடும்

செமஸ்டர் முடிந்துவிட்டது. யாரும் கேட்காத கேள்விக்கு நீளமாகப் பதில் எழுதும் என் பழைய வியாதி திரும்ப வந்துவிட்டது. ஆனால் இந்த முறை நிஜமாகவே ஒருவன் கேட்டான். அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செமினாருக்கு நான் எடுத்த தலைப்பு, பழைய எகிப்தின் ஹைரோகிளிஃப் எழுத்துகள் கணினிக்குள் வந்த கதை. மெஸ்ஸில் தோசைக்கு வரிசையில் நின்றபோது, என் கையில் இருந்த தாள்களை அறைத்தோழன் எட்டிப் பார்த்தான். ஆந்தை, பாம்பு, கை, கால், உட்கார்ந்த மனிதன் என்று வரிசையாக இருந்தன. "செத்துப்போன எழுத்துக்கு எதுக்குடா யூனிகோடு? போட்டோ எடுத்துப் போட்டா பத்தாதா?" என்றான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுச் சட்னி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதில் அப்போது வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வந்தது. (எனக்கு எல்லாப் பதிலும் அந்த நேரத்தில்தான் வரும்.)

அவன் கேட்டது ஒரு கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. செத்த எழுத்துக்கு எதற்கு இவ்வளவு உழைப்பு என்பது ஒன்று. படம் போதாதா என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் முதல் கேள்வி பாதி கரைந்துவிடும்.

நம்மில் பலர் ஹைரோகிளிஃப் என்றால் படம் வரைந்து கதை சொல்வது என்றே நினைக்கிறோம். "அந்தக் காலத்து எமோஜி" என்று ஒரு சீனியர் அண்ணன் எனக்கே விளக்கம் கொடுத்தார். இந்தத் தப்பு புதிதல்ல. 17-ஆம் நூற்றாண்டில் ரோமில் இருந்த கிர்ச்சர் என்ற பாதிரியார், ஒவ்வொரு படமும் ஒரு பெரிய தத்துவம் என்று நம்பிப் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளினார். ஏறக்குறைய எல்லாமே தப்பு. 1799-ல் ரொசெட்டா கல் கிடைத்து, 1822-ல் பிரான்ஸின் ஷாம்போலியோன் பூட்டைத் திறந்த பிறகுதான், இந்தப் படங்களில் பெரும்பகுதி ஒலியைக் குறிக்கிறது என்பது உறுதியானது.

ஒரு உதாரணம். எகிப்து அரசர்களின் பட்டங்களில் அடிக்கடி ஒரு வாத்தும் ஒரு வட்டமும் சேர்ந்து வரும். வாத்து சூரியனைப் பார்த்தது என்று கதை கட்டாதீர்கள். வட்டம் சூரியன், அதாவது ரா என்னும் கடவுள். வாத்து, வாத்து இல்லை. எகிப்திய மொழியில் ‘மகன்’ என்ற சொல்லுக்கும் அந்த ஊசிவால் வாத்துக்கும் மெய்யெழுத்துகள் ஒன்று. அதனால் மகனை எழுத வாத்தைப் போட்டார்கள். இரண்டும் சேர்ந்தால் ‘ராவின் மகன்’.

இன்னொரு சங்கதி. அவர்கள் உயிரொலிகளை எழுதவில்லை. தமிழில் அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ‘க்-ட்’ என்று மட்டும் எழுதுகிறேன். இது காடா, கூடா, கேடா, கோடா? தெரியாது. பக்கத்தில் சின்னதாக ஒரு மரம் போட்டால் காடு. பறவை போட்டால் கூடு. எகிப்தியர்கள் செய்தது இதைத்தான். ஒலியைச் சொல்லும் எழுத்துகளை எழுதி, கடைசியில் "இது இந்த வகைச் சொல்" என்று காட்ட ஒலியில்லாத ஒரு குறியைப் போட்டார்கள். நடப்பது சம்பந்தமான சொல் என்றால் நடக்கும் இரண்டு கால்கள். கண்ணால் காண முடியாத கருத்து என்றால் சுருட்டிக் கட்டிய ஒரு பாப்பிரஸ் தாள்.

ஆக இது எழுத்து. ஒரு மொழியின் எழுத்து. இந்த இடத்தில்தான் போட்டோ தோற்றுப்போகிறது. போட்டோவில் இருக்கும் வாத்தைக் கணினியால் தேட முடியாது, அகர வரிசைப்படுத்த முடியாது, இரண்டு கல்வெட்டுகளை வரிக்கு வரி ஒப்பிட முடியாது. செய்தித்தாளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு "எனக்கு எழுத்தே வேண்டாம்" என்று யாராவது சொல்வோமா?

சரி, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? நானும் அப்படித்தான் நினைத்தேன். தலைப்பில் உள்ள குருவி அங்கேதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஹைரோகிளிஃப் பட்டியலில் ‘ஜி36’ என்று ஒரு பறவை உண்டு. தகைவிலான் குருவி. ‘ஜி37’ என்று இன்னொன்று. சிட்டுக்குருவி. இரண்டும் ஒரே உடம்பு, ஒரே நிற்கும் தோரணை. வித்தியாசம் வாலில் மட்டும். தகைவிலானுக்கு வால் பிளந்திருக்கும், சிட்டுக்குருவிக்கு மழுங்கி உருண்டிருக்கும். ஆனால் அர்த்தம்? முதலாவது ‘பெரிய’ என்ற சொல்லை எழுதப் பயன்படுவது. இரண்டாவது, சிறியது, கெட்டது என்ற வகைச் சொற்களின் கடைசியில் வந்து உட்காருவது. வாலைக் கொஞ்சம் தப்பாகப் பார்த்தால் பெரியவர் சின்னவராகிவிடுவார்.

இப்போது மறுபக்கம். ‘ஏ1’ என்பது உட்கார்ந்திருக்கும் ஆண். இந்த ஆளை மூவாயிரம் ஆண்டுகளில் எத்தனை பேர் எத்தனை விதமாகச் செதுக்கியிருப்பார்கள்! ஒருவர் தலைமுடியை நீளமாக வைத்திருப்பார், ஒருவர் கையை உயர்த்தியிருப்பார், அவசரத்தில் எழுதியவர் நாலு கோட்டில் முடித்திருப்பார். அத்தனையும் ஒரே எழுத்து. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் வித்தியாசம் பொருட்டே இல்லாமல் போகலாம். கண்ணுக்குத் தெரியாத வால் நுனி உயிர்நாடியாக இருக்கலாம்.

எது வித்தியாசம், எது வெறும் கையெழுத்து என்று தீர்மானிப்பதுதான் குறியேற்றம். எண் கொடுப்பது அதற்கு அப்புறம் வரும் குமாஸ்தா வேலை.

நமக்கு இது அந்நியமான பிரச்சினை அல்ல. உங்கள் வீட்டில் 1978-க்கு முன்னால் அச்சான தமிழ்ப் புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ‘லை’, ‘னை’ எல்லாம் மேலே தும்பிக்கை வைத்துக்கொண்டு இருக்கும். அந்த ஆண்டு வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு இப்போதைய வடிவம் வந்தது. யூனிகோடு இந்த இரண்டு லை-க்கும் இரண்டு எண் கொடுக்கவில்லை. எழுத்து ஒன்றுதான், வடிவம் எழுத்துருவின் பாடு என்று விட்டுவிட்டது. சரியான முடிவு. இல்லையென்றால் ‘மலை’ என்று தேடினால் தாத்தா காலத்து மலை கிடைக்காமல் போயிருக்கும்.

இனி எகிப்து எழுத்துக்கு இது எப்படி நடந்தது என்று பார்ப்போம். எனக்குப் பாராட்டும் இருக்கிறது, புகாரும் இருக்கிறது.

கணினிக்கு முன்னால் இதை அச்சடிப்பதே பெரும்பாடு. பெர்லினில் அடால்ஃப் எர்மான் தலைமையில் 1897-ல் எகிப்திய மொழிக்கு ஒரு பேரகராதி வேலை தொடங்கியது. சுமார் 15 லட்சம் காகிதச் சீட்டுகள் சேர்ந்தன. அதன் முக்கியமான ஐந்து தொகுதிகள் 1926 முதல் 1931 வரை வெளிவந்தன. அச்சுக்கோத்த புத்தகம் அல்ல, கையால் எழுதிப் படியெடுத்த புத்தகம். 1962-ல் வந்த ஃபால்க்னரின் அகராதியும் கையெழுத்துப் புத்தகம்தான். இன்றும் மாணவர்கள் அதைப் புரட்டுகிறார்கள்.

இங்கிலாந்தில் ஆலன் கார்டினர் வேறு வழியில் போனார். தன் ‘எகிப்திய இலக்கணம்’ நூலுக்காக ஈய அச்செழுத்துகளே செய்ய வைத்தார். தீப்ஸ் நகரின் கல்லறைகளில் உள்ள 18-ஆம் வம்ச எழுத்துகளைப் பார்த்து நார்மன், நீனா டேவிஸ் தம்பதியர் வரைந்து கொடுத்தார்கள். நூல் 1927-ல் வந்தது. பின்னால் அவர் எழுத்துகளை 26 வகைகளாகப் பிரித்து ஒரு பட்டியல் போட்டார். ஆண்கள் ‘ஏ’, பெண்கள் ‘பி’, பறவைகள் ‘ஜி’ என்று போகும். மேலே நான் சொன்ன ஜி36, ஜி37 எல்லாம் அவர் வைத்த பெயர்கள்தான். நூறு ஆண்டுகள் ஆகப்போகிறது, உலகம் முழுக்க இன்னும் அதே பெயர்.

1980-களில் கணினி வந்தபோது எகிப்தியவியல் ஆட்கள் ஒன்றுகூடி ஒரு தட்டச்சு முறையை வகுத்தார்கள். 1988-ல் அது புத்தகமாக வந்தது. ‘மானுவேல் தெ கோடாஜ்’ என்று பெயர். அதில் ஒரு அழகான ஏற்பாடு உண்டு. ஹைரோகிளிஃப் எழுத்துகள் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக நிற்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத சதுரங்களுக்குள் அடுக்கி உட்காரும். ரொசெட்டா கல்லில் தாலமி அரசர் பெயரின் தொடக்கத்தில், ‘ப்’ ஒலிக்கான சின்னச் சதுரம் மேலே இருக்கும், ‘த்’ ஒலிக்கான ரொட்டித் துண்டு அதற்குக் கீழே இருக்கும். இந்த முறையில் இரண்டு எழுத்துக்கு நடுவில் முக்காற்புள்ளி போட்டால் மேலும் கீழும் அடுக்கு. நட்சத்திரம் போட்டால் பக்கத்தில் பக்கத்தில். சிறு கோடு போட்டால் அடுத்த சதுரம். அவ்வளவுதான், ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். செர்ஜ் ரோஸ்மோர்டுக் எழுதிய ஜேசெஷ் என்ற இலவச மென்பொருள் இந்த முறையில்தான் வேலை செய்கிறது. செமினாருக்கு நான் பயன்படுத்தியதும் அதுதான்.

பிறகு யூனிகோடு. மைக்கேல் எவர்சனும் பாப் ரிச்மண்டும் 2007-ல் கொடுத்த முன்மொழிவின் அடிப்படையில், 2009 அக்டோபரில் வந்த 5.2 பதிப்பில் 1,071 ஹைரோகிளிஃப் எழுத்துகள் சேர்ந்தன. அடித்தளம் கார்டினரின் பட்டியல்தான். (எமோஜி பெரும்படையாக யூனிகோடுக்குள் வந்தது அடுத்த ஆண்டு, 2010-ல். ஆக ‘எமோஜியின் முன்னோர்’ முறைப்படி முன்னாடியே வந்துவிட்டார்கள். அந்த சீனியர் அண்ணனுக்கு இந்த வரியைச் சமர்ப்பிக்கிறேன்.)

என் முதல் புகார் இங்கே. 2009-ல் எழுத்துகளுக்கு எண் கொடுத்தார்கள், அடுக்கும் வழியைக் கொடுக்கவில்லை. அடுக்குவதை வேறு மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். விளைவு, யூனிகோடில் எழுதினால் எல்லா எழுத்தும் ஒரே உயரத்தில் ஒற்றை வரிசையில் நின்றது. அந்தக் காலத்து விண்டோஸில் தமிழ் படித்தவர்களுக்கு இந்த வலி தெரியும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். ‘கொக்கு’ என்று எழுதினால் கொக்கைத் தனித்தனியாகப் பிய்த்துப் போட்டமாதிரி இருக்கும். தட்டுத்தடுமாறிப் படித்துவிடலாம்தான். ஆனால் அதைத் தமிழ் என்று யாராவது புத்தகத்தில் போடுவார்களா?

அடுக்குவது அழகு சார்ந்தது, எழுத்து சார்ந்தது அல்ல என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. ஒரு மொழியை எழுதியவர்கள் மூவாயிரம் ஆண்டு விடாமல் ஒரே வழக்கத்தைக் கடைப்பிடித்தால், அது அலங்காரம் அல்ல, எழுதும் முறை. அந்த முறையைக் காட்ட முடியாததால் பல அறிஞர்கள் பழைய தட்டச்சு முறையிலேயே எழுதி, முடிவில் படமாக மாற்றித்தான் கட்டுரையில் ஒட்டினார்கள். எந்தப் படத்திலிருந்து தப்பிக்க யூனிகோடு வந்ததோ, அதே படத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

இப்படியே ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆயின. 2019 மார்ச்சில் வந்த 12.0 பதிப்பில்தான் ஒன்பது கட்டுப்பாட்டுக் குறிகள் வந்தன. மேல்-கீழ் இணைக்க ஒன்று, பக்கவாட்டில் இணைக்க ஒன்று, பெரிய எழுத்தின் நாலு மூலைகளில் சின்ன எழுத்தைச் செருக நாலு, ஒன்றின்மேல் ஒன்று படிய வைக்க ஒன்று, குழு தொடங்க ஒன்று, முடிக்க ஒன்று. எழுத்துகளைப் பற்றிய எண்கள் ஆயிரம் வந்தும் நடக்காததை இந்த ஒன்பது குறிகள் நடத்திக் காட்டின. எல்லாக் கருவிகளிலும் இன்னும் ஒழுங்காகத் தெரிவதில்லை, எழுத்துருவும் மென்பொருளும் ஒத்துழைக்க வேண்டும். ஆனாலும் அன்றைக்குத்தான் இது எழுத்தாக ஏறியது என்று நான் சொல்வேன்.

நியாயமாக எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். 2009-ல் அந்த 1,071 எழுத்துகள் வராமல் இருந்திருந்தால், அவற்றுக்கு எழுத்துரு செய்ய யாரும் முன்வந்திருக்க மாட்டார்கள். எழுத்துரு இல்லாமல் அடுக்குவதைப் பற்றிப் பேச்சே வந்திருக்காது. அரை வீடாவது கட்டினால்தான் மீதியைக் கட்டச் சொல்லிச் சண்டை போட முடியும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரை வீட்டைக் காட்டிக் கிரகப்பிரவேசம் நடத்தியதைத்தான் சொல்கிறேன்.

2022-ல் வந்த 15.0 பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. கல்வெட்டு என்றாலே பாதி சிதைந்திருக்கும். ஒரு எழுத்தை நாலு கால்பகுதிகளாகப் பிரித்து, எந்தெந்தப் பகுதி சிதைந்திருக்கிறது என்று சொல்ல 15 குறிகள் சேர்த்தார்கள். (நாலு பகுதியில் எத்தனை விதமாகச் சிதையலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எதுவுமே சிதையாததைக் கழித்தால் சரியாக 15 வரும்.) அதோடு, எழுத்து முழுதாகப் போய்விட்ட இடத்தில் போட ‘இழந்த எழுத்து’ என்றே தனிக் குறிகளும் வந்தன. இருப்பதை மட்டுமல்லாமல், இங்கே ஒன்று இருந்தது, இப்போது இல்லை என்பதையும் எழுத ஒரு வழி. எழுத்தை மதிப்பவர்கள்தான் இதை யோசித்திருக்க முடியும்.

அடுத்து 2024 செப்டம்பர், 16.0 பதிப்பு. அந்த ஆண்டு உலகம் முழுமைக்கும் சேர்த்துப் புதிதாக 5,185 எழுத்துக் குறிகள் சேர்ந்தன. அதில் 3,995 ஹைரோகிளிஃப். நான்கில் மூன்று பங்குக்கு மேல்! மொத்தம் 5,000-ஐத் தாண்டிவிட்டது. செய்தியைப் பார்த்தவுடன் எனக்கும் சந்தோஷம்தான். கொஞ்சம் பயமும் வந்தது. பயத்துக்குக் காரணம் ஜப்பான்.

1978-ல் ஜப்பான் தன் கணினித் தரத்துக்கு எழுத்துப் பட்டியல் போட்டது. பல பட்டியல்களிலிருந்து எடுத்துத் தொகுத்தார்கள். பிற்பாடு பார்த்தால், அதில் சில எழுத்துகள் எந்த அகராதியிலும் இல்லை, யாருக்கும் அர்த்தம் தெரியவில்லை. 1990-களில் ஆராய்ந்தபோது ஒன்றின் கதை தெரிந்தது. இரண்டு துண்டுக் காகிதங்களை ஒட்டி ஒரு எழுத்தை உருவாக்கியிருக்கிறார்கள். நகல் எடுத்தபோது காகித விளிம்பின் நிழல் ஒரு கோடாக விழுந்திருக்கிறது. அந்தக் கோட்டையும் எழுத்தின் பகுதி என்று நினைத்து எண் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு எழுத்தின் கதை இன்றுவரை தெரியாது. ‘பேய் எழுத்துகள்’ என்று பெயரே வந்துவிட்டது. அவை அப்படியே யூனிகோடுக்குள்ளும் வந்து, இப்போது உங்கள் போனிலும் குடியிருக்கின்றன.

ஏன் எடுத்துப்போடவில்லை? முடியாது. யூனிகோடில் ஒரு முறை எண் கொடுத்தால் கொடுத்ததுதான். பின்வாங்குவது, இடம் மாற்றுவது எதுவும் கிடையாது. வைத்த பெயரைக்கூடத் திருத்த மாட்டார்கள். நம் ‘ழ’-வுக்கு அங்கே அதிகாரபூர்வமான பெயர் மூன்று ‘எல்’ போட்ட ஒரு ‘லா’. உலகம் உள்ளவரை அதுதான். இந்தப் பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது. எண்ணை மாற்றினால் ஏற்கெனவே எழுதியதெல்லாம் உளறலாகிவிடும். அதனால்தான் எண் கொடுப்பதற்கு முன்னால் பத்துத் தடவை யோசிக்க வேண்டும் என்கிறேன்.

எகிப்து எழுத்திலும் இதே ஆபத்து உண்டு. கிரேக்க, ரோமானிய ஆட்சிக் காலத்துக் கோயில்களில் பூசாரிகள் எழுத்துகளைப் பெருக்கி விளையாடினார்கள். சில நூறாக இருந்தது பல ஆயிரமாயிற்று. அவற்றை அச்சடிக்க அச்சகங்கள் எழுத்து வார்த்தன. அந்த அச்செழுத்துப் பட்டியல்களைப் பார்த்துக் கணினிப் பட்டியல்கள் வந்தன. ஒரு பட்டியலைப் பார்த்து இன்னொரு பட்டியல். கல்லைப் போய்ப் பார்த்தது யார்? தகைவிலானின் வாலைச் செதுக்கியவன் கொஞ்சம் அவசரப்பட்டிருந்தால், அதைப் பார்த்தவர் ‘புதுப் பறவை’ என்று எழுதியிருந்தால், அது ஒரு எண்ணாகி என்றென்றைக்கும் நிலைத்துவிடும்.

ஆறுதலான செய்தியும் உண்டு. 2024-ல் எழுத்துகளோடு ‘யூனிகெமெட்’ என்று ஒரு தரவுத்தளமும் வெளியிட்டார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் விவரிப்பு, எந்தப் பழைய பட்டியலில் இருந்தது போன்ற தகவல்கள் அதில் உண்டு. அதைவிட முக்கியம், எது முதன்மையான எழுத்து, எது பழையதோடு பொருந்துவதற்காக மட்டும் வைத்திருப்பது என்று பிரித்துக் குறித்திருக்கிறார்கள். அதாவது, முன்னால் கொடுத்த சில எண்களைத் தவிர்ப்பது நல்லது என்று அவர்களே மறைமுகமாக ஒத்துக்கொள்கிறார்கள். நேர்மையான வேலை. ஆனால் இந்தத் தரவுத்தளம் 2009-லேயே வந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. முதலில் சாட்சி, பிறகு எண். எந்தக் கோயில், எந்தச் சுவர், என்ன சொல் என்று காட்ட முடியாத எழுத்து காத்திருக்கட்டும். மூவாயிரம் ஆண்டு வாழ்ந்த எழுத்துக்கு இன்னும் ஒரு பத்து ஆண்டு பெரிய விஷயமா?

எண் கொடுத்தால் மட்டும் எழுத்து திரைக்கு வந்துவிடாது என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று. விண்டோஸ் 10-உடன் வந்த சேகோ யூஐ ஹிஸ்டாரிக் என்ற எழுத்துருவில் 2009-ன் ஹைரோகிளிஃப்கள் இருந்தன, மூன்றைத் தவிர. அந்த மூன்றும் ஆணுறுப்பின் வடிவம் கொண்டவை. யாருக்கோ கூச்சம். ஆனால் எகிப்தியர்களுக்கு அது வெறும் எழுத்து. காளை, கழுதை என்று எழுதும்போது அது வரும். ‘அரசர் முன்னிலையில்’ என்று மரியாதையாகச் சொல்லும் சொல்லில்கூட அந்த வகை எழுத்து ஒன்று வரும். விளைவு, அந்த எழுத்துருவை வைத்துக்கொண்டு கழுதையை ஒழுங்காக எழுத முடியவில்லை. எழுத்தைப் படமாகப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். என் அறைத்தோழன் செய்த அதே தப்பு, பெரிய இடத்தில்.

இப்போது முதல் கேள்வி. செத்த எழுத்துக்கு எதற்கு இவ்வளவு?

இடத்தை அடைக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யூனிகோடில் மொத்தம் 11 லட்சத்துக்கும் மேல் எண்கள் உண்டு. 2024 கணக்குப்படி பயன்பாட்டில் இருந்தவை 1,54,998. இடப் பஞ்சம் இல்லை.

அந்த மொழியும் முழுசாகச் செத்துவிடவில்லை. அதன் கடைசி வடிவமான காப்டிக் இன்றும் எகிப்தின் காப்டிக் தேவாலய வழிபாட்டில் ஒலிக்கிறது. ஷாம்போலியோனுக்குப் பூட்டைத் திறக்க உதவியதில் காப்டிக் அறிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது, யார் படிக்கலாம் என்பதுதான். கார்டினரின் ஈய எழுத்துகள் சில அச்சகங்களில் மட்டும் இருந்தன. 15 லட்சம் சீட்டுகளைப் பார்க்க பெர்லினுக்குப் போக வேண்டும். அந்தச் சீட்டுகளின் வாரிசான எகிப்திய மொழித் தரவுத்தளம் 2004 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விடுதி அறையில், மின்விசிறி சத்தத்துக்கு நடுவில், எகிப்துக்குப் போகாத, போகப் போவதற்குக் காசும் இல்லாத ஒருவன் ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு அதன் சொற்களைத் தேடலாம். எழுத்துக்கு எண் இருப்பதன் பயன் அதுதான். இது அஸ்வானில் இருக்கும் பள்ளி மாணவிக்கும் பொருந்தும். தன் ஊர்க் கோயில் சுவரில் இருப்பதைத் தன் போனில் எழுதிப் பார்க்கும் உரிமை அவளுக்கு நம்மைவிட முன்னால் உண்டு.

"யாருடா இதை உபயோகிக்கப் போறாங்க?" என்ற கேள்வியை நாம் கேட்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஹைரோகிளிஃபை அடுக்கும் குறிகள் வந்த அதே 2019, அதே 12.0 பதிப்பில் தமிழுக்கும் 51 குறிகள் வந்தன. முந்திரி, காணி, மா போன்ற பழைய பின்னங்கள், நெல், நிலம், பணம் அளக்கும் கணக்குக் குறிகள். எங்கள் தாத்தா வீட்டுப் பரணில் இருக்கும் கணக்கு நோட்டு முழுக்க அவைதான். வீட்டில் யாருக்கும் இப்போது படிக்கத் தெரியாது. ‘யார் உபயோகிக்கிறார்கள்?’ என்ற ஒரே கேள்வியை வைத்து வாசலை மூடியிருந்தால், எகிப்தின் ஆந்தையோடு சேர்ந்து எங்கள் தாத்தாவின் முந்திரியும் வெளியே நின்றிருக்கும்.

நமக்குத் தெரிந்தவரை, தேதி போட்ட கடைசி ஹைரோகிளிஃப் கல்வெட்டு கி.பி. 394 ஆகஸ்ட் 24 அன்று ஃபிலே தீவுக் கோயிலில் வெட்டப்பட்டது. வெட்டியவர் ஒரு பூசாரி. இது என்றென்றைக்கும் இருக்கட்டும் என்ற பொருளில் எழுதிவைத்தார். பிறகு 1,400 ஆண்டுகளுக்கு மேல் அதைப் படிக்க உலகத்தில் ஒரு ஆள் இல்லை. அஸ்வான் அணைகளின் நீரில் மூழ்கவிருந்த அந்தக் கோயிலையே 1970-களில் கல் கல்லாகப் பிரித்துப் பக்கத்துத் தீவில் கட்டினார்கள். கல்லைக் காப்பாற்றுவதற்கு அவ்வளவு செய்தவர்கள், கல்லில் உள்ள எழுத்துக்கும் கொஞ்சம் மெனக்கெடுவதில் என்ன தப்பு?

ஆகவே என் கட்சி இதுதான். செத்த எழுத்துக்கு எண் கொடுப்பது வீண் வேலை அல்ல. ஆனால் படத்துக்கு எண் கொடுக்காதீர்கள், எழுத்துக்குக் கொடுங்கள். அடுக்கும் முறையும் சிதைவும்கூட எழுத்தின் பகுதி என்று எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையைக் கூட்டிக் கைதட்டல் வாங்குவதை விட, குருவியின் வாலை ஒரு தடவை கல்லிலேயே போய்ப் பார்ப்பது மேல்.

இந்தக் கட்டுரையில் ஒரு ஹைரோகிளிஃப்கூடப் போடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். போட்டால் உங்களில் பாதிப் பேருக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும், பிறகு அறைத்தோழன் கட்சிதான் ஜெயிக்கும். அவனிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "தாத்தா நோட்டைக் கொண்டு வாடா, பார்ப்போம்" என்றான். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எடுத்து வரலாம் என்றிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இருந்தால் சொல்லுங்கள்.